லிஸ்பன்: கையில் ஒரு தேதியோடு நடந்து பார்க்க வேண்டிய நகரம்

பிப்ரவரி 9, இணைய உரையாடலைத் தொடங்கியவரின் கேள்வி

மே மாதம் லிஸ்பனில் ஒரு முழு நாள் கிடைக்கிறது. 28ஆம் எண் டிராமில் ஏறி ஒரு சுற்று வந்தால் பழைய நகரம் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் தனியாக நடந்தால் மேடும் படிக்கட்டும்தான் மிஞ்சும், எதைப் பார்க்கிறோம் என்றே விளங்காது என்றும் எச்சரிக்கிறார்கள். வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே நடப்பதால் உண்மையில் ஏதாவது கிடைக்குமா?

பிப்ரவரி 9, இரவு

டிராமை விட்டுவிடுங்கள். 1930களின் உடல்வாகோடு ஓடும் அந்தச் சிறிய மஞ்சள் வண்டி அழகானதுதான். ஆனால் பகல் வேளையில் அதற்குள் நெருக்கியடித்து நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியுமே தவிர நகரம் தெரியாது. பணப்பையைக் கவனிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும்.

வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டியது ஒரு தேதி மட்டும் என்பதே. 1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் திருநாளான அன்று காலை ஒன்பதே முக்கால் மணி அளவில், தேவாலயங்களில் மக்கள் நிறைந்து பலிபீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், பெரும் நிலநடுக்கம் லிஸ்பனைக் குலுக்கியது. கட்டடங்கள் சரிந்த புழுதிக்குத் தப்பிப் பலர் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரம் போவதற்குள் தேஜு ஆற்றின் முகத்துவாரம் வழியாக ஆழிப்பேரலை ஏறி வந்து அந்தக் கரையையே வாரிக்கொண்டது. தண்ணீருக்கும் எட்டாமல் நின்ற பகுதிகளைத் தீ பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஆற்றோரத்து அரச மாளிகை, அதிலிருந்த எழுபதாயிரம் நூல்கள் கொண்ட நூலகம், அதே ஆண்டு வசந்தத்தில் திறக்கப்பட்டிருந்த இசைநாடக அரங்கு ஆகிய எல்லாம் போயின.

இந்த ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு, எதிர்ப்படும் ஒவ்வொரு சுவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது அந்தக் காலைக்கு முந்தியதா, பிந்தியதா? நகரம் தானாகவே விளங்கத் தொடங்கும். லிஸ்பனின் நடுப்பகுதி இரண்டு நகரங்கள். இரண்டும் பத்து நிமிட நடைத் தொலைவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த எல்லையைக் கால்தான் உணரும். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமலே கடந்துபோகும்.

பிப்ரவரி 10

வழியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் நடக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்திலிருந்து கிராசா மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காலையிலேயே என்றால் நடந்தும் ஏறலாம், இல்லையென்றால் ஏதாவது ஒரு பொது வண்டியில் போகலாம். மேட்டுக்குப் போன பிறகு நாள் முழுவதும் பெரும்பாலும் இறக்கம்தான். கிராசா காட்சிமேடையிலிருந்து கோட்டையும் ஆறும் தெரியும். அங்கிருந்து சாவ் விசென்ட் டி ஃபோரா மடாலயம், பிறகு போர்ட்டாஸ் டு சோல் மேடை, அடுத்தே சாந்தா லூசியா, அங்கிருந்து படிக்கட்டுகளில் இறங்கி ஆல்ஃபாமா, அதைக் கடந்து பேராலயம், பிறகு ஆற்றோரமாக டெரெய்ரு டு பாசு சதுக்கம், அங்கிருந்து நேர்த்தெருக்கள் வழியாக வடக்கே ரோசியு, கடைசியில் கார்மு மடத்தின் இடிபாடு. கடைசி ஏற்றம் ஒன்று மட்டும் செங்குத்தானது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. முதலில் மலையில் நின்று முழு நகரத்தையும் பார்க்கிறீர்கள். அடுத்து, தப்பிப் பிழைத்த பழைய நகரத்துக்குள் இறங்குகிறீர்கள். அதன் பிறகு, அழிந்த இடத்தில் எழுப்பிய புதிய நகரத்துக்குள் நுழைகிறீர்கள். முடிவில், அழிந்த நிலையிலேயே விட்டுவைத்த ஒரு கட்டடத்துக்கு வந்து சேர்கிறீர்கள். எதிர்த்திசையில் நடந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது ஒருபுறம் இருக்க, கதையும் தலைகீழாகிவிடும்.

பிப்ரவரி 10, பிற்பகல்

செருப்பைப் பற்றி. நடைபாதைகள் பெரும்பாலும் கைக்கு அடங்கும் அளவு வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்புப் பசால்ட் எரிமலைக்கல்லும் பதித்தவை. நெடுங்காலம் கால்பட்டு வழவழப்பானவை. மழை பெய்தால் சரிவில் நிற்கவே முடியாது. அடிப்பாகம் பிடிப்புள்ள காலணி இல்லாமல் இந்த ஊரில் நடக்கக் கிளம்ப வேண்டாம்.

பிப்ரவரி 12

கோட்டையைப் பட்டியலில் சேர்க்கவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன். சாவ் ஜோர்ஜ் கோட்டை இருக்கும் குன்று மிகப் பழையது. 1147இல் அஃபோன்சு என்ரீக்கேஸ் மன்னர் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போய்க்கொண்டிருந்த வட ஐரோப்பியப் படைகளின் துணையோடு முஸ்லிம் ஆட்சியாளரிடமிருந்து கைப்பற்றிய இடம் அது. ஆனால் இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் கொத்தளங்களின் ஒழுங்கான தோற்றம் பெரும்பாலும் 1938 முதல் 1940 வரை சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியில் நடந்த சீரமைப்பு வேலையின் விளைவு. நீண்ட வரிசையில் நின்று கட்டணம் செலுத்தி உள்ளே போனால் கிடைப்பது அருமையான காட்சிதான். அதே காட்சியின் பெரும்பகுதி கிராசாவில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாள் மட்டும் கையிலிருப்பவர் அந்த நேரத்தை வேறிடத்தில் செலவிட வேண்டும் என்பது என் முடிவு.

அந்த வேறிடம் சாந்தா லூசியா. போர்ட்டாஸ் டு சோலில் புனித வின்சென்ட் சிலை கையில் கப்பலோடும் இரண்டு காக்கைகளோடும் நிற்கும்; அந்தக் கப்பலும் காக்கைகளுமே நகரத்தின் சின்னம். அதைப் பார்த்துவிட்டுச் சிறிது தூரம் இறங்கினால் சாந்தா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல வெள்ளை ஓட்டுச் சித்திரங்கள், அதாவது மெருகிட்ட பீங்கான் ஓடுகளில் தீட்டிய படங்கள், இரண்டு இருக்கின்றன. ஒன்று 1147 முற்றுகை. மற்றொன்றுதான் நமக்கு வேண்டியது: நிலநடுக்கத்துக்கு முந்தைய டெரெய்ரு டு பாசு. இடப்பக்கம் ஆற்றை ஒட்டிக் கோபுரத்தோடு அரச மாளிகை நிற்கும் அந்தப் படம் இருபதாம் நூற்றாண்டில் வரைந்து சுட்டது என்றாலும், காணாமற்போன சதுக்கத்தைத் தெருவில் நின்றபடியே காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். அதை மனத்தில் பதித்துக்கொண்டு மதியம் அதே சதுக்கத்தில் போய் நின்றபோது, அங்கே இல்லாத மாளிகை, இப்போது இருக்கும் வளைவுகளைவிட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பிப்ரவரி 13

"ஆல்ஃபாமாவை நிலநடுக்கம் தொடவே இல்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது அப்படியே சரியன்று. குன்றின் உறுதியான பாறைமேல் இருந்ததால் தாழ்நிலப் பகுதியளவு அழிவு அங்கே நேரவில்லை; தெருக்களின் பழைய வளைவும் நெளிவும் பிழைத்துக்கொண்டன. வீடுகள் பல விழுந்தன, திரும்பக் கட்டப்பட்டன. பக்கத்திலிருக்கும் சாவ் விசென்ட் மடாலயத்தின் பெரிய குவிமாடமே அன்று இடிந்து விழுந்ததுதான். ஆக, ஆல்ஃபாமாவில் பிழைத்தவை முதன்மையாகச் சுவர்கள் அல்ல, வழிகள். வண்டி நுழைய முடியாத சந்து, திடீரென்று முடிந்துபோகும் முடுக்கு, இரண்டு வீட்டுக்கு நடுவே நழுவி இறங்கும் படிக்கட்டு ஆகியவற்றின் வரைவு இடைக்காலத்தது. அதில் வரிசையாக நிற்கும் வீடுகள் பல காலங்களைச் சேர்ந்தவை.

இங்கே வரைபடத்தைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சந்துகளின் ஒடுக்கத்தில் கைப்பேசியின் நீலப்புள்ளி தாவித் தாவி ஏமாற்றும். இறங்கிக்கொண்டே போனால் எப்படியும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுவீர்கள் என்ற ஒரு விதி போதும். வீட்டுச் சுவர்களில் கதவுக்கு மேலே சிறிய ஓட்டுப் பலகைகள் தென்படும்: அன்னை மரியாள், புனித அந்தோனியார், தீயிலிருந்து காக்கும் புனித மார்சல், நிலநடுக்கத்திலிருந்து காக்கும் புனித எமிடியஸ். 1755க்குப் பிறகு இவ்வகைப் பலகைகள் பதிப்பது பெருகியது. ஒரு ஊர் அடைந்த அச்சம் எத்தகையது என்பதை எந்த நினைவுச்சின்னத்தைவிடவும் நேராக இந்தப் பலகைகள் எனக்குச் சொல்லின. கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒருவர், தலைக்குமேல் இருக்கும் அந்தப் புனிதரைப் பார்க்காமலே போவதையும் கண்டேன். பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது வீட்டின் பகுதியாகிவிட்டது.

மக்கள் குடியிருக்கும் இடம் இது. கொடியில் காயும் துணியையும் திறந்த சன்னலையும் படம் எடுப்பதற்கு முன் சற்று யோசியுங்கள். சக்கரப்பெட்டியை அதிகாலையில் அந்தக் கல்தரையில் இழுத்துக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிகள் மீது அங்குள்ள முதியவர்களுக்கு இருக்கும் கோபம் முழுக்க நியாயமானது.

பிப்ரவரி 16

பேராலயம் பற்றிக் குறைவாகவே சொல்லப்போகிறேன். 1147 வெற்றியை ஒட்டித் தொடங்கியது. இரண்டு சதுரக் கோபுரங்களோடு கோட்டை வாசல் போன்ற முகப்பு. நிலநடுக்கத்தில் அடிபட்டு, பின்னால் பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. உள்ளே இருட்டும் கல்லும்தான். அந்த இருட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வெயில் அலுப்புப் போகும்.

அதற்கு எதிரே சற்றுக் கீழே இருக்கும் சிறிய தேவாலயத்தைத் தமிழ் வாசகர் தவறவிடக் கூடாது. பதுவை அந்தோனியார் என்று நாம் அழைக்கும் புனிதர் பிறந்தது பதுவையில் அன்று, இங்கே லிஸ்பனில். அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தின்மேல்தான் இத்தேவாலயம் நிற்கிறது. கீழே நிலவறைக்கு இறங்கிப் பார்க்கலாம். போர்ச்சுக்கீசியர் வழியே முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த கத்தோலிக்க வழிபாட்டில் இவருக்கு எவ்வளவு பெரிய இடம் என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உவரியிலும் அவர் இருக்கிறார். இராமேசுவரம் மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஆண்டுக்கொருமுறை கூடும் கச்சத்தீவிலும் அவர்தான் இருக்கிறார். ஜூன் 12 இரவு அவருடைய திருநாளுக்கு ஆல்ஃபாமா முழுவதும் தெருவில் மத்தி மீன் சுடும் புகை எழும். மே மாதம் போகிறவருக்கு அது கிடைக்காது. பயணத்தை ஒத்திப்போட முடிந்தால் நான் ஒத்திப்போடுவேன்.

1755இல் இந்தத் தேவாலயமும் விழுந்தது. இப்போதிருப்பது அதன் பிறகு கட்டியது.

பிப்ரவரி 17

பேராலயத்திலிருந்து நேராகத் தாழ்நிலத்துக்கு இறங்காமல் ஆற்றோரமாகப் போகச் சொல்லியிருந்தேன். அப்படிச் சுற்றிப் போவதற்குக் காரணம் அங்கே இருக்கும் இரண்டு முகப்புகள்.

முதலாவது காசா டுஸ் பீகுஸ். முகப்பு முழுவதும் வைரப் பட்டைபோல் கூர்தீட்டிய கற்கள். கோவாவைக் கைப்பற்றிய அஃபோன்சு டி அல்புக்கெர்க்கின் மகன் 1523இல் கட்டத் தொடங்கிய வீடு. நிலநடுக்கத்தில் மேல்மாடிகள் போய்விட, அடித்தளங்கள் மட்டும் நெடுங்காலம் நின்றன. மேலே இப்போது இருப்பவை 1980களில் சேர்த்தவை. கீழ்வரிசைக்கும் மேல்வரிசைக்கும் சன்னல்களின் தோரணை வேறுபடுவதைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாலே கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது கொன்சைசாவ் வெல்யா தேவாலயத்தின் வாசல். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செதுக்கு வேலை. கயிற்று முறுக்கும் இலையும் மனித உருவங்களும் நெருங்கிய, மனுவேல் மன்னர் காலத்துப் பாணி. தேவாலயம் விழுந்தது, வாசல் பிழைத்தது. அந்த வாசலுக்குப் பின்னால் பதினெட்டாம் நூற்றாண்டில் சிறிய தேவாலயம் ஒன்றைக் கட்டினார்கள். வாசலில் ஒரு காலம், உள்ளே ஒரு காலம். நான் முதலில் சொன்ன எல்லைக்கோட்டை ஒரே அடியில் கடக்க வேண்டும் என்றால் இந்த வாசற்படியில்தான் கடக்க வேண்டும்.

பிப்ரவரி 20

இனித் தாழ்நில நகரம், பைஷா. இதைப் பற்றிப் "பார்க்க ஒன்றுமில்லை, கடைத்தெருதான்" என்று மேலே இருவர் எழுதிவிட்டார்கள். எனக்கு லிஸ்பனிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஆகவே நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலநடுக்கத்தின்போது ஜோசே மன்னர் குடும்பத்தோடு நகருக்கு மேற்கே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். அதன் பிறகு கல்வீட்டுக்குள் தூங்கவே அஞ்சி, அஜூடா குன்றில் மரத்தாலான மாளிகையில் வாழ்ந்தார். நகரத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அமைச்சர் செபாஸ்தியாவ் ஜோசே டி கார்வால்யு இ மேலுவிடம் வந்தது. வரலாறு அவரைப் பின்னாளில் பெற்ற பட்டத்தால் பொம்பல் மார்க்கீஸ் என்று அழைக்கிறது. தலைமைப் பொறியாளர் மனுவேல் டா மாயாவுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பழையபடியே கட்டுவது, தெருக்களை மட்டும் அகலப்படுத்துவது, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புதிதாக வரைவது, நகரத்தையே பெலேம் பக்கம் பெயர்த்துக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அவர் எழுதி முன்வைத்தார். தரைமட்டமாக்கிப் புதிதாக வரையும் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. யூஜேனியு டுஸ் சாந்துஸ், கார்லுஸ் மார்டெல் ஆகியோர் வரைந்த நேர்கோட்டுத் தெருக்களில்தான் நாம் நடக்கிறோம்.

தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே போங்கள். பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், சேணம் தைப்பவர், துணி வணிகர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. வீட்டு முகப்புகளோ ஒரே அச்சில் வார்த்தவை. சன்னல் அளவு, கதவு அளவு, கல் விளிம்பு எல்லாம் முன்கூட்டியே வகுத்து, பாகங்களை வேறிடத்தில் செய்துகொண்டுவந்து பொருத்தியவை. தேவாலயங்கள்கூட அந்த வரிசையை விட்டு முன்னால் வரவில்லை. அலங்காரம் இல்லாமைதான் இங்கே பார்க்க வேண்டியது. இரண்டு வீடுகளுக்கு நடுவே கூரைக்கு மேலும் எழுந்து நிற்கும் தடித்த சுவர்களைக் கவனியுங்கள். ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்க வைத்தவை.

உண்மையான வேலை சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. நட்டமாகவும் படுக்கையாகவும் குறுக்காகவும் மரச்சட்டங்களைக் கோத்து ஒரு கூண்டு கட்டி, இடைவெளியைக் கல்லாலும் சாந்தாலும் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். நிலம் குலுங்கும்போது மரம் வளைந்து கொடுக்கும். பூச்சு உதிர்ந்தாலும் சட்டகம் நிற்கும் என்பது எண்ணம். மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களைத் தரையதிர நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கீழே ஆற்றுச் சேறு என்பதால் பைன் மரக் கழிகளைத் தரைக்குள் அடித்திறக்கி அவற்றின்மேல் அடித்தளம் போட்டார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி ஒரு நகரத்தின் மையப்பகுதி முழுவதையும் திட்டமிட்டு எழுப்பியதில் ஐரோப்பாவுக்கு இது முன்னோடி. கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த வெறுமையான மஞ்சள் சுவர்கள் வேறாகத் தெரியும்.

அந்தக் கழிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். சேணக்காரர் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் அகழ்ந்தெடுத்த நிலவறை இருக்கிறது. ரோமானியர் காலத்தில் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள், அவற்றுக்குமேல் பிற்காலச் சுவடுகள், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு இறங்கும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பைன் கழிகள். கட்டணம் இல்லை; குழுவாகத்தான் அழைத்துப்போவார்கள், முன்பதிவு செய்வது நல்லது.

பொம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரிகளைச் சித்திரவதை செய்து கொன்ற கொடிய ஆட்சியாளர் அவர் என்பதை மறைத்து யாரும் அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் நாடெங்கும் உள்ள தேவாலயப் பங்குகளுக்கு அவருடைய அரசு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையிலிருந்து வலுவாக வந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா உயர்ந்ததா, கிணறுகளில் என்ன மாற்றம், எத்தனை பேர் இறந்தார்கள். கடவுளின் தண்டனை என்று மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியது பெரிய விஷயம். அந்த விடைகள் பிழைத்திருப்பதால்தான் 1755ஐப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது.

பிப்ரவரி 21

உணவைப் பற்றிக் கேட்டவருக்கு: உட்கார்ந்ததும் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவை இலவசம் இல்லை; தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. பைஷாவின் அகலத் தெருக்களில் படம் போட்ட உணவுப்பட்டியலோடு வாசலில் நின்று அழைப்பவர்களைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் போங்கள்.

பிப்ரவரி 25

டெரெய்ரு டு பாசுவைப் பற்றித் தனியாக எழுத எண்ணியிருந்தேன். சாந்தா லூசியாச் சுவரைப் பற்றிச் சொன்னபோதே பாதி சொல்லியாகிவிட்டது. மூன்று பக்கம் மஞ்சள் வளைவுகள், நான்காம் பக்கம் ஆறு, நடுவில் 1775இல் நிறுவிய ஜோசே மன்னரின் குதிரைச் சிலை. தெருமுகத்து வளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முடிந்தது. ஒரு நகரம் தன்னைத் திரும்பக் கட்டி முடிக்க எவ்வளவு காலமாகும் என்பதற்கு அதுவே சான்று. 1908 பிப்ரவரி 1 அன்று கார்லுஸ் மன்னரும் மூத்த மகனும் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே சதுக்கத்தில்தான்.

வடக்கே ரோசியுவை ஒட்டி இருக்கும் சாவ் டுமிங்குஸ் தேவாலயத்துக்குள் கட்டாயம் போங்கள். 1506 ஏப்ரலில், வற்புறுத்தி மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மீதான படுகொலை இங்கேதான் தொடங்கியது. வெளியே சிறிய சதுக்கத்தில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. 1755இல் இடிந்து திரும்பக் கட்டிய இத்தேவாலயம் 1959இல் தீயில் எரிந்தது. அதைச் சீர்செய்தவர்கள் கரிந்து பிளந்த தூண்களை மறைக்காமல் அப்படியே விட்டார்கள். செங்காவி நிறக் கூரைக்குக் கீழே வெடித்த கற்களுக்கு நடுவே பூசை நடக்கிறது. என்னால் அங்கே படம் எடுக்க முடியவில்லை. வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் அந்த நினைவுக்கல்லைச் சுற்றி மக்கள் செர்ரி மதுவைக் குடித்துக்கொண்டு பேசுவதைப் பார்த்தபோது முதலில் உறுத்தியது. பிறகு, கூட்டம் கூடும் இடத்திலேயே அந்தக் கல் நிற்பதுதான் முறை என்று பட்டது.

பிப்ரவரி 26

முடிவிடம், கார்மு. ரோசியுவின் அலைக்கோலத் தரையைக் கடந்து மேற்கே ஏற வேண்டும். 1902இல் திறந்த சாந்தா ஜுஸ்தா இரும்புத் தூக்கியின் நீண்ட வரிசையில் நிற்பதைவிட, பைஷா ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டுகளில் ஏறினால் மேட்டிலேயே வெளியே வரலாம்.

படைத்தலைவர் நூனு ஆல்வாரஸ் பெரைரா 1389இல் தொடங்கிய கார்மு மடத்தின் தேவாலயம் 1755இல் கூரையை இழந்தது. திரும்பக் கட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பிறகு இடிபாட்டை இடிபாடாகவே காப்பது என்று முடிவுசெய்தார்கள். கூர்வளைவுகளின் விலா எலும்புகள் மட்டும் வானத்துக்குக் குறுக்கே நிற்கின்றன, கீழே புல்தரை. 1864 முதல் இது தொல்பொருள் அருங்காட்சியகம். ஞாயிறு மூடியிருக்கும். காலையில் மலையிலிருந்து பார்த்தபோதே எதிர்க் குன்றில் இந்த வளைவுகளைக் கண்டிருப்பீர்கள். அவை என்ன என்று அப்போது தெரிந்திருக்காது.

வெளியே உள்ள சதுக்கத்தில் 1974 ஏப்ரல் 25 அன்று படைவண்டிகள் சூழ்ந்து நிற்க, பக்கத்துக் காவற்படை முகாமுக்குள் இருந்த பிரதமர் மார்செலு கைத்தானு சரணடைந்தார். நாற்பது ஆண்டுக்கும் மேலான சர்வாதிகாரம் அன்று முடிந்தது.

மார்ச் 2

வழிகாட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கி நிலவறைக்கு வழிகாட்டி தேவை. மூரேரியா பகுதியில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஒருவரோடு நடப்பதும் சிறந்தது. நான் எதிர்ப்பது கொடி பிடித்த ஒருவருக்குப் பின்னால் முப்பது பேர் ஓடுவதை. கொன்சைசாவ் வெல்யா வாசலில் அரை மணி நேரம் நிற்க எந்தக் குழுவும் விடாது. தானாக நடப்பதன் பயன், நிற்கத் தோன்றிய இடத்தில் நிற்க முடிவது.

மார்ச் 5

முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு போகிறவருக்கு: துணி வணிகர் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொதுமக்களுக்கான இலவசத் தூக்கி இருக்கிறது. அதில் ஏறி மேல்தெருவில் இறங்கி, சற்று நடந்தால் சந்தைக் கட்டடம் ஒன்றுக்குள் இரண்டாவது தூக்கி. அது கோட்டைக் குன்றின் பாதிக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து சாந்தா லூசியாவரை பெரிய ஏற்றம் இல்லை. ஆல்ஃபாமாவின் படிக்கட்டுகளை மட்டும் விட்டுவிட்டு டிராம் போகும் சரிவுச் சாலையிலேயே பேராலயத்துக்கு இறங்கலாம். நாள் ஒன்றை இரண்டாக்கிக்கொண்டால் அவர்களுக்கு எதுவும் குறையாது.

மார்ச் 9

பெலேமை ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அது நடைத் தொலைவில் இல்லை. நகரின் மேற்கே ஆற்றோரமாக ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதற்குத் தனியாக அரைநாள் வேண்டும். 1501இல் தொடங்கிய ஜெரோனிமுஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. நம்மவர் போக வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ப் போர்ச்சுக்கீசிய மறைநூல் ஒன்று உண்டு. தமிழை ரோமன் எழுத்தில், கறுப்பும் சிவப்புமாக அச்சிட்ட நூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். அதற்கு இருபது ஆண்டுக்கும் மேலாக முந்தியது இது. அதன் படி மடாலயத்தின் ஒரு பகுதியில் அமைந்த தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. எளிதாகக் காட்சிக்கு வைக்கும் பொருள் அன்று. ஆனால் தமிழ் முதன்முதலில் அச்சேறிய நகரம் இது என்று தெரிந்துகொண்டு நடப்பது வேறு. அந்த அச்சுக்கூடம் இயங்கிய லிஸ்பன், 1755 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கத்து லிஸ்பன்.

அந்த லிஸ்பனை முழுதாகக் காண ஒரு வழி உண்டு. நகரின் கிழக்கே மாத்ரே டி தேவுஸ் கன்னியர் மடத்தில் இருக்கும் ஓட்டுச் சித்திர அருங்காட்சியகத்தில், 1700ஐ ஒட்டிச் செய்த இருபத்துமூன்று மீட்டர் நீள நீல வெள்ளைச் சித்திரம் ஒன்று நகரத்தின் ஆற்றங்கரை முழுவதையும் மாளிகை மாளிகையாக, தேவாலயம் தேவாலயமாகக் காட்டுகிறது. நடைக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் எண்ணினேன். இப்போது பிறகு பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். நடந்து முடித்தவர்தான் அந்தச் சித்திரத்தில் விரல்வைத்து, இது நின்றது, இது விழுந்தது, இதன் வாசல் மட்டும் பிழைத்தது என்று சொல்ல முடியும். திங்கட்கிழமை மூடியிருக்கும்; மற்ற நாள்களிலும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.